பாரம் இறங்கும் கால்

மொட்டைமாடி விளிம்பைப் பிடித்துத் தொங்கிய என் விரல்களை வலது காலால் மிதித்து, என்னைக் கீழே விழவைத்தவன் மச்சான் தணிகாசலம். செத்த கையோடு அவனுடைய வலது தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். செத்தால் எடை குறையும் என்பதெல்லாம் சும்மா.

சர்க்கரை வியாதியில் அவன் கால்கள் மரத்துப்போயின. வலது கட்டைவிரலுக்கு அடியில் ஆறாத புண். பாதத்தின் அழுத்தத்தைக் காட்டும் பலகைமேல் அவனை நிற்கவைத்தார் டாக்டரம்மா. திரையில் இடது பாதம் நீலமாகத் தெரிந்தது. வலது பாதம் செக்கச்செவேலென்று இருந்தது.

"யாரையாவது தூக்கிட்டு நிக்கிறீங்களா?" என்று சிரித்தார். "பாரம் பூரா இந்தக் கால்லதான் இறங்குது. இப்படியே போனா காலையே எடுக்கவேண்டி வரும்."

தணிகாசலம் தன் வலது தோளைத் திரும்பிப் பார்த்தான். நான் செத்தபிறகு முதல்முறையாக என்னிடம் பேசினான்.

"எறங்கிடு மச்சான். காலு போயிரும்."

கெஞ்சுகிறானே என்று எனக்கும் மனசு கேட்கவில்லை. இடது தோளுக்கு மாறி உட்கார்ந்தேன்.

"பாத்தீங்களா, வலது கால் நீலமாயிடுச்சு," என்று டாக்டரம்மா சந்தோஷப்பட்டார்.

தணிகாசலம் மட்டும் திரையில் தன் இடது பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அது கட்டைவிரலிலிருந்து மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.