பிரெஞ்சுக்காரப் பேய்

கரையாம்புத்தூருக்கு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. புதுச்சேரியில் வாங்கிய பிரெஞ்சு நாவலின் கதையைக் கணக்குப்பிள்ளை சம்மந்தம் சொல்லிக்கொண்டு வந்தார். பாகூர் மிராசுதார் சிங்காரவேலு, பல் போன வாயில் இடித்த வெற்றிலையைக் குதப்பியபடி கேட்டார்.

“கிழட்டுப் பிரபுங்க. செத்தும் சாவாத பேயி. வயசுப் பொண்ணுங்க கழுத்துல கடிச்சு ரத்தம் குடிப்பான். குடிக்கக் குடிக்க எளமை திரும்பும்.”

“பகல்லியா?”

“ராத்திரிதாங்க. அதுவும் வூட்டுக்காரங்களே ‘உள்ள வா’ன்னு கூப்புட்டாத்தான் வாசப்படி தாண்ட முடியும்.”

சிங்காரவேலு வெளியே எட்டித் துப்பினார்.

“த்தூ! இவன்லாம் ஒரு பிரபுவா? பகல்ல வான்னு கூப்புட நாதியில்ல. இருட்டுல திருடனாட்டம் போயி நிக்கிறான். மானங்கெட்ட பய!”

உச்சிவெயிலில் குத்தகைக்காரன் பச்சையப்பன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் கைகூப்பி ஓடிவந்தார்கள்.

“உள்ள வாங்க! உள்ள வாங்க!”

கூடத்தில் புதுப்பாய் விரித்திருந்தது. மகள் தெய்வநாயகி தாம்பூலத் தட்டோடு வந்து கும்பிட்டாள். மிராசுதாருக்குப் பேத்தி வயது இருக்கும்.

மூன்று மனைவிகளைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய சிங்காரவேலு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“வெறுங்கழுத்தா நிக்குதே! வர்ற தையிலியே தாலியக் கட்டிப்புடுறேன்.”

சொல்லிவிட்டு, கடைவாயில் வழிந்த சிவப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.