கீதா அழுத கதை

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே ஒரே ஒரு நாற்காலிதான். தம்பிதுரை அதில் உட்காரவில்லை. கதவில் காதை வைக்காத குறையாக நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே மகள் கீதாவுக்குச் சிசேரியன். அவள் தலைமாட்டில் மாப்பிள்ளை. தம்பிதுரையின் மனைவி செல்லாத்தாள் மூட்டுவலிக்காரி; மாடியேற முடியாமல் கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது கீதா நடுங்கிப் போனாள். பேசாமல் முழுசாகத் தூங்க வைத்துவிடுங்கள் என்றாள்.

அம்மாக்காரிதான் விடவில்லை. எனக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் உன்னை எடுத்தார்கள், பெற்ற பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, நீயாவது கேள் என்று ஒரே பிடி.

அந்த அழுகையைப் பற்றித் தம்பிதுரையிடம்தான் கேட்க வேண்டும். கீதாவின் பிறந்தநாள் தவறாமல் சொல்லுவார். அவிநாசி ரோட்டில் போன பஸ் ஹாரனே அமுங்கிவிட்டதாம். தூங்கிய வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டாராம். வருஷத்துக்கு வருஷம் சத்தம் கூடிக்கொண்டே போகும்.

இப்போது நினைத்தாலும் நேற்றுப்போல இருக்கிறது. மயக்கம் தெளிந்து, காய்ந்த உதடும் கலைந்த தலையுமாகச் செல்லாத்தாள் கண்ணைத் திறந்தாள். திறந்ததும், பிள்ளை அழுததா என்றுதான் கேட்டாள். அவர் குனிந்து காதோரம் சொன்னார்.

அந்த நிலையிலும் சிரித்தாள். என்ன அழகாக இருந்தாள் அன்று! அந்தச் சிரிப்புக்காக அவர் எதையும் சொல்லியிருப்பார்.

உள்ளே இன்னும் சத்தமில்லை. அவிநாசியப்பா, அழ வைத்துவிடு என்று தம்பிதுரை வாய்விட்டே வேண்டிக்கொண்டார்.

வந்தது. பஸ் ஹாரனையெல்லாம் அமுக்கவில்லை. பூனைக்குட்டி கத்துவதுபோலத்தான் இருந்தது.

படியில் இறங்கினாரா உருண்டாரா என்று அவருக்கே தெரியாது. பிள்ளை அழுதுவிட்டது என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்து, கண்ணீர் கொட்டியது.

செல்லாத்தாள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“ஏனுங்க, இந்தத் தடவை நெசமாவே கேட்டுச்சுங்களா?”

கீதா பிறந்த அன்றைக்குக் கதவுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நீலம் பாய்ந்த கீதாவைத் தூக்கிக்கொண்டு நர்ஸ்கள் ஓடியதைத்தான் அவர் பார்த்தார். அது செல்லாத்தாளுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

“நெசமாத்தான் அம்மணி.”