லவினாவின் பதில்

“நான் கடுதாசி எழுதறதுக்கு முன்னாடியே எம் பொண்டாட்டி லவினா பதில் போட்டுருவா!” என்றான் ஹைரம். ஓஹையோ சிப்பாய்கள் சிரித்த சிரிப்பில், ஆற்றின் அக்கரையில் இருந்த தெற்குப் படை மிரண்டு பத்து மைல் பின்வாங்கியிருக்கும்.

கூடாரத்தில் அவன் பக்கத்தில் படுக்கும் ஆசா மட்டும் சிரிக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி இரண்டு வருடமாகியும் அவனுக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. ஹைரமுக்கோ வாரம் மூன்று. ஆசாவுக்கு வயிறு எரிந்தது.

“புளுகாதடா! இன்னிக்கு வந்ததைக் காட்டு.”

“வேணாம்டா, ஆசா.”

ஆசா பிடுங்கிப் படித்தான். ‘உங்கள் கடிதம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமைச் சண்டையில் குண்டு உங்கள் தொப்பியோடு போனதற்குக் கர்த்தருக்கு நன்றி. பாவம், உங்கள் ஆசா. அவர் ஆப்பிள் மரத்தடியில் இறந்ததைப் படித்து விடிய விடிய அழுதேன்.’

அன்று திங்கட்கிழமை.

“நல்லாத்தான் கதை விடறா,” என்று ஆசா காகிதத்தை வீசினான்.

மறுநாள் மதியம் ஹைரமின் தொப்பி பறந்தது. அடுத்த குண்டு ஆசாவின் மார்பில் பாய்ந்தது. ஹைரம் அவனை இழுத்துப்போய் ஓர் ஆப்பிள் மரத்தில் சாய்த்து, சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பிரித்தான்.

“உன் தொப்பிக் கதையை விடுடா. எனக்காக அழுதாளே, அதை மட்டும் படி.”

ஹைரம் படித்தான்.

“நெசந்தான்டா,” என்றான் ஆசா.