காலருக்குள் மஞ்சள்

பள்ளி மைதானத்துக்கு நிதி திரட்டுவதற்காகப் பிள்ளைகளின் பழைய சீருடைகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். வருடாவருடம் அங்கே வாங்கிப்போகிற கோமதி, இந்த முறைதான் மகள் ஓவியாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பள்ளிக் கோட்டைக் கொடுக்க வந்திருந்தாள். ஓவியாவுக்குக் கடையில் புதிதாக எடுத்த ஒரே கோட் அது, இப்போது சின்னதாகிவிட்டது. துவைத்துத் தேய்த்ததை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

மேசைக்குப் பின்னாலிருந்த வெள்ளைக்காரப் பெண் காலரைத் திருப்பிப் பார்த்தாள். முதல்நாள் போடுவதற்குமுன் கோமதி தொட்டு வைத்த மஞ்சள் உள்பக்கம் அப்படியே இருந்தது. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு, கழித்த துணிகள் கிடந்த பெட்டிக்குள் கோட்டைப் போட்டாள்.

"என்னடி சொல்றாங்க?"

கறை என்ற சொல் ஓவியாவின் நாக்குவரை வந்தது.

"ரொம்ப நல்லாருக்காம்மா. தனியா எடுத்து வைக்கிறாங்களாம்."

"பின்னே? மஞ்ச வச்ச துணியாச்சே. போடுற புள்ளைக்கு ராசின்னு சொல்லுடி."

ஓவியா அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் நன்றி மட்டும் சொன்னாள். "சொல்லிட்டேன். வாம்மா, போலாம்."

"இருடி." கோமதி வாசலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எந்தப் புள்ள வாங்குதுன்னு பாத்துட்டுப் போவோம்."