மாங்காய் மண்டி பஜனை

முனிரத்தினம் சட்டையை இழுத்து மூக்கில் வைத்துப் பார்த்தான். இரண்டு தரம் சோப்புப் போட்டும் சாராய நெடி போனபாடில்லை. இந்தச் சட்டையோடு உள்ளே போனால் மூக்குள்ளவன் எவனும் சும்மா விடமாட்டான்.

எதிரே பங்காருபாளையம் மாங்காய் மண்டி. ஆடி பிறந்து காய் வரத்து ஓய்ந்துவிட்டதால் கொட்டகை காலியாகக் கிடந்தது. உள்ளேயிருந்து ஜால்ரா சத்தம் மட்டும் கேட்டது.

ஆந்திரா தனி ராஜ்யமான பிறகும் மதுவிலக்கு அப்படியேதான் இருந்தது. குடித்தேன் என்று வாய் தவறிச் சொன்னாலே ஜெயில். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசவேண்டுமென்றால்கூட கோவிந்த நாமத்துக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் முனிரத்தினத்துக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. போன வாரம் சந்தையில் கடை கடையாக நின்று, "ஞாயித்துக்கிழமை பஜனை எங்க நடக்குது?" என்று பெரிய பக்திமானைப் போல விசாரித்தான். இன்றைக்கு யார் கண்ணிலும் படக்கூடாதென்று, இடுப்பளவே வளர்ந்திருந்த கரும்புத் தோட்டங்களில் குனிந்து குனிந்து வந்து சேர்ந்தான். முதுகு விட்டுப்போயிற்று.

விட்டுவிடலாம் என்று அவன் நினைக்காத நாளில்லை. திருப்பதிக்குப் போய் மொட்டையடித்துச் சத்தியம்கூடப் பண்ணினான். முடி முளைப்பதற்குள் சத்தியம் பறந்துவிட்டது.

தாட்சாயணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சத்தியவேட்டுக்கு, தன் அம்மா வீட்டுக்கே கிளம்பிவிட்டாள். "எங்கிட்ட சத்தியம் பண்ணிப் பண்ணி ஏமாத்தினது போதும். அந்த பஜனைக்காரங்க எதிர்ல நின்னு சொல்லிட்டு, அப்பறமா வந்து கூப்புடு" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஒருவழியாக உள்ளே நுழைந்தான். பத்துப் பேர் இருக்கும். மண்டியில் தராசு பிடிக்கும் கோவர்த்தனன்தான் அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர். "வா நைனா, குந்து" என்றார்.

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த பாலையா பக்கத்தில் இடம் கிடைத்தது. பெரியவர் தடவித் தடவி இவன் கையைப் பிடித்துக்கொண்டார். "புதுசா? அடடா, கையெல்லாம் கொப்புளம் போட்டுக்கினு கீது!"

"வெல்லம் காய்ச்சற வேலைங்க." முனிரத்தினம் கையை மெல்ல இழுக்கப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி அடித்தது. கான்ஸ்டபிள்! "கோவிந்தா! கோவிந்தா!" என்று கொட்டகையே அலறியது. முனிரத்தினத்தின் குரல்தான் எல்லோரையும்விட உரக்க இருந்தது. கான்ஸ்டபிள் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போனான்.

மூச்சு வந்ததும் பேச்சு தொடங்கியது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. பேரைச் சொல்லி, கடைசியாக எங்கே வாங்கிக் குடித்தோம் என்பதையும் சொல்லவேண்டும். மற்றவர்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருக்கத்தான்.

மாட்டு வண்டி ஓட்டும் கங்கையா முதலில் எழுந்தான். "பேரு கங்கையா. பாறைமேட்டு சரக்கு. புங்க மரத்தடியில பொதச்சி வச்சிட்டுப் பூடுவான். காய்ச்சறவன் மூஞ்சிய ஒருத்தனும் பாத்ததில்ல. எங்கையில மட்டும் கெடச்சான், தோல உரிச்சிடுவேன்!"

அடுத்து எழுந்தவனும் பாறைமேடு என்றான். அதற்கடுத்தவனும் அதையேதான் சொன்னான்.

பாலையா உட்கார்ந்தபடியே பேசினார். "எனக்கும் அதே பாறைமேடுதான். ஒரு கிளாஸ் ஊத்திக்கினு படுத்தேன். எழுந்து பாத்தா விடியவே இல்ல. இன்னும் விடியல."

முனிரத்தினத்துக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது, ஆனால் கை பாலையாவின் பிடியில் இருந்தது.

"பயப்படாத நைனா" என்றார் அவர். "கண்ணு பூட்ட நானே பொழச்சிக்கினேன், ஒனக்கு இன்னா? எழுந்து சொல்லு. இங்க யாரும் ஒன்ன ஒண்ணும் பண்ணமாட்டாங்க."

எழுந்தான். "பேரு... முனிரத்தினம்" என்றான்.

"நீ எங்க வாங்கிக் குடிச்ச?" என்று பரிவோடு எடுத்துக்கொடுத்தார் கோவர்த்தனன்.

எல்லா முகமும் அவனையே பார்த்தன. பாலையா இன்னும் கையை விடவில்லை. தாட்சாயணியையும் குழந்தையையும் நினைத்துக்கொண்டு முனிரத்தினம் கண்ணை இறுக மூடினான்.

"நான் குடிச்சதே இல்லீங்க. நீங்க குடிச்சதெல்லாம் நான் காய்ச்சினது."