மூன்றாம் சாட்சி

"காலையில ஆறு மணி. மரத்து மேல உக்காந்து மானுக்குக் காத்திருந்தேன். 'பிராக், மறுபடியும் நீயே ஜெயிலரா நில்லு'ன்னு கர்த்தர் தெளிவாச் சொன்னாரு" என்று முடித்தார் பிராக். கையைத் துடைத்து, கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்த கூட்டம் சபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கோழி வறுவலும் சோள ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தது. கென்டக்கி மலைக்குள் இருக்கும் அந்த மாவட்டத்தில் ஜெயிலரையும் ஓட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள். நிற்கிறவன் முதலில் இங்கே வந்து, ஆண்டவர் தன்னை எப்படி அழைத்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாதவன் இதுவரை ஜெயித்ததில்லை.

அடுத்தவர் பழைய கார் விற்கும் டுவைட். லாரிக்கு அடியில் படுத்து ஆயில் மாற்றிக்கொண்டிருந்தாராம். கொட்டின ஆயில் தரையில் சிலுவையாக ஓடியதாம்.

"ஓடி, நேரா ஜெயில் இருக்கிற திக்கைக் காட்டிச்சு" என்றார் டுவைட்.

பின்வரிசையில் இருந்து ஹோபார்ட் கையைத் தூக்கினார். சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்த ஆள், யாருக்கும் பயப்படமாட்டார்.

"ஏம்ப்பா, இருக்கிறது ஒரே ஜெயிலு. ரெண்டு பேரையும் நிக்கச் சொன்னா, தோக்கப்போறவன்கிட்ட ஆண்டவர் வெளையாடினாருன்னுல்ல ஆகுது?"

"வாயில கோழிய வச்சுக்கிட்டு தர்க்கம் பண்ணாத, ஹோபார்ட்" என்றார் பாஸ்டர் கிளெட்டஸ்.

மூன்றாவதாகச் சாட்சி சொல்ல வேண்டியது டெல்மர். மேசைக்கு அடியில் அவர் மனைவி நெல்டா அவர் தொடையைக் கிள்ளினாள். சுரங்கம் மூடி ஒன்பது மாதம். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போய்விட்டது. அவள் தன் இன்சுலினைப் பாதி பாதியாகப் போட்டுக்கொள்கிறாள். ஜெயிலர் வேலை கிடைத்தால் முழு ஊசி.

"ஏய்யா, ஒரு கனவு கண்டேன்னு சொன்னா வாய் வலிக்குமா? ஒரே ஒரு கனவு. குட்டிக் கனவு."

"பாப்போம்" என்று டெல்மர் எழுந்தார்.

"உங்கள எப்படி அழைச்சாரு, சகோதரரே?" வலப்பக்கம் நின்று பாஸ்டர் கேட்டார்.

டெல்மர் இடப்பக்கமாகத் தலையைச் சாய்த்தார். அந்த இடது காது சுரங்க வெடியில் செவிடாகி இருபது வருடம். கேள்வி விழவில்லை போல என்று பாஸ்டர் இன்னொரு முறை சத்தமாகக் கேட்டார்.

டெல்மர் நிமிர்ந்தார். "என்கிட்ட அவர் எதுவும் பேசல."

நெல்டா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கனவு வரல. சிலுவையும் தெரியல. எனக்கு வேலை வேணும். இவளுக்கு மருந்து வேணும். அதான் நிக்கிறேன். ஜெயிலைப் பூட்டத் தெரியும், உள்ள இருக்கிறவனுக்கு நேரத்துக்குச் சோறு போடத் தெரியும். அவ்வளவுதான்."

முதலில் ஹோபார்ட் எழுந்தார். கை தட்டத் தட்ட இருமினார். பிறகு ஒவ்வொரு மேசையாக எழுந்தது. பாடற்குழுப் பெண்கள் அழுதார்கள்.

"இருபத்தாறு வருஷமா இந்த இடத்துல சாட்சி கேக்குறேன். இன்னிக்குத்தான் ஒரு மனுஷன் பொய் சொல்லாம உக்காருறான்" என்றார் பாஸ்டர். "என் ஓட்டு டெல்மருக்குத்தான்."

பிராக் பதறி எழுந்தார். "யோசிச்சுப் பாத்தா, மரத்து மேல எனக்குக் கேட்டது காத்துச் சத்தமாக்கூட இருக்கலாம்."

"என் ஆயிலும் சும்மாதான் ஓடியிருக்கும்" என்றார் டுவைட் அவசரமாக. "சிலுவைன்னுகூடச் சொல்ல முடியாது. கோணலா, ஒரு மாதிரி."

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டெல்மரின் கையைக் குலுக்க வரிசை நின்றது. ஒரு கிழவி அவர் பையில் இரண்டு கோழித் துண்டைத் திணித்தாள். நூற்றெண்பது ஓட்டு கைக்கு வந்துவிட்டதாக ஹோபார்ட் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

வெளியே வந்து வண்டியில் ஏறி, கதவைச் சாத்திய பிறகுதான் நெல்டாவுக்கு அழுகை வந்தது.

"உன்னைப் போயி பொய் சொல்லச் சொன்னேனே, பாவி நான். அத்தனை பேர் முன்னாடி உண்மையச் சொல்ல உனக்கு எங்கிருந்துய்யா தைரியம் வந்துச்சு?"

டெல்மர் சாவியைத் திருகினார். சபை வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். செவிட்டுக் காதைத் தொட்டுக்காட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கேது தைரியம்? 'நான் பேசுறதை வெளிய சொல்லிடாதடா, ஓட்டு போயிடும்'னு ஆண்டவருதான் சொன்னாரு."