முப்பது கோடு

'15-6-1993, செவ்வாய். நேற்று ஒரு சிறு தவறு செய்தேன். அளப்பதற்கு முன் மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று சோதிக்கவில்லை. இன்று சோதித்தேன். முப்பது கோடு குறைவாகக் காட்டுகிறது. சரிசெய்தாயிற்று.'

இவ்வளவும் எழுதிவிட்டு, 'சிறு' என்ற சொல்லை வேலை பழகும் பையன் அறிவு அடித்தான். கொஞ்சம் யோசித்து, மேலே மறுபடியும் 'சிறு' என்று எழுதினான்.

"இன்னா நைனா, வேலைக்கு வந்தியா, பரீட்சை எழுத வந்தியா?" என்றார் மெஹபூப் அலி. மந்தைவெளியில் அந்த மெக்கானிக் ஷெட் அவருடையது. "கபாலி வந்துக்கினு கீறான். எடத்த ஒழி."

"பாய், அந்தப் பழைய கேம்ஷாஃப்ட் எங்க? இன்னொரு வாட்டி அளக்கணும்."

"அது நேத்தே பழைய இரும்போட போயிடுச்சி. தேஞ்சி போச்சின்னு நீதானே சொன்ன?"

சொன்னது அவன்தான். ராமானுஜம் சாரின் 1962 ஃபியட்டில் டக் டக்கென்று சத்தம் வந்தது. எஞ்சினைப் பிரித்து, வால்வுகளைத் தூக்கி இறக்கும் அந்தத் தண்டை வெளியே எடுத்தார்கள். அதிலுள்ள எட்டு மேடுகளையும் அறிவு அளந்தான். ஃபியட் புத்தகத்தில் போட்டிருக்கும் உயரத்தைவிட எட்டுமே முப்பது கோடு குறைவு; ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

"எட்டும் பேசிவெச்ச மாதிரி ஒண்ணாவா தேயும்?" என்று பாய் அப்போதே கேட்டார்.

"அளவு அப்படித்தான் சொல்லுது பாய்."

அன்று மாலை, அவன் மெக்கானிக் தொழில் படிக்கும் அடையாற்று வகுப்பில் நடந்த பாடம், மைக்ரோமீட்டரின் பூஜ்யத்தைச் சோதிப்பது எப்படி என்பது. ஒரு நாள் முந்தி நடத்தியிருக்கலாம். முப்பதிலிருந்து முப்பதைக் கழித்தால் என்ன வரும் என்பதை மட்டும் அவன் குறிப்பேட்டில் எழுதவில்லை.

"பாய், ஒரு விஷயம்…"

"அப்புறம் சொல்லு. வியாழக்கிழம சாயங்காலம் சாரு பொண்ணுக்கு ஜானவாசம். மாப்பிள்ளைய இந்த வண்டியில வெச்சித்தான் பெருமாள் கோயிலைச் சுத்தணுமாம். வண்டி மட்டும் ஓடல, வெள்ளிக்கிழமலருந்து நீ கிளாஸுக்குப் போனா போதும். இங்க வராத."

அறிவு குறிப்பேட்டை மூடி வைத்தான்.

பழைய உதிரி பாகம் விற்கும் கபாலி, செய்தித்தாளில் சுற்றிய பொருளைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு வந்தான்.

"புதுப்பேட்ட பழைய இரும்புக் கடையெல்லாம் சல்லட போட்டு சலிச்சிட்டேன் பாய். உன் அதிர்ஷ்டம், நேத்து பொழுதுசாயத்தான் வந்து எறங்கிச்சி. டாக்டர் வண்டி. வீட்டுலருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிலருந்து வீடு. அவ்ளோதான் ஓடிக்கீது."

"எந்த டாக்டரு?"

"எனக்கு இன்னா ஒடம்பா சரியில்ல? பேரெல்லாம் யார் கேட்டா?"

பிரித்தபோது மண்ணெண்ணெய் வாசம் வந்தது. தேய்த்துக் கழுவியதில் தண்டு பளபளத்தது. அறிவு மைக்ரோமீட்டரை மூடினான். பூஜ்யம். திறந்து, துடைத்து, மறுபடி மூடினான். பூஜ்யம். மூன்றாவது முறையும் மூடினான்.

"இன்னா பாய், பையன் பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கீறான்?" என்றான் கபாலி.

முதலில் நீளத்தைப் பார்த்தான். தாங்கிகளில் உட்காரும் இடங்களைப் பார்த்தான். ஃபியட்டுடையதுதான், சந்தேகமில்லை. பிறகு எட்டு மேடுகளையும் மும்மூன்று தடவை அளந்து எழுதினான். கடைசியில், 'முன் முனையில் சிறு கீறல். அளவைப் பாதிக்காது' என்று குறித்துக்கொண்டான்.

"எப்படிக் கீது?"

"எட்டும் புத்தகத்துல கீற அளவு பாய். ஒரு கோடு பிசகல. சார் வண்டிக்கே அளவெடுத்துத் தெச்ச மாதிரி கீது."

"சொன்னேன்ல?" என்றான் கபாலி. "டாக்டர் வண்டி பாய்."

அறிவுக்கு மூச்சு வந்தது. பழையது நல்லதாகவே இருந்திருந்தாலும் என்ன, புதிதாக வந்ததும் நல்லதுதானே? ஜானவாசம் நடக்கும். வெள்ளிக்கிழமை வேலைக்கு வரலாம். தவறு சிறியதுதான்.

அந்த நேரம் பார்த்து, கல்யாணப் பத்திரிகைகள் அடங்கிய மஞ்சள் பையோடு ராமானுஜம் சாரே வந்து சேர்ந்தார்.

"ஏம்ப்பா, வியாழக்கிழமைக்குள்ள ஆயிடுமோன்னோ? ஆத்துல எல்லாரும் வாடகைக் கார் வெச்சுக்கலாம்னு பிராணனை வாங்கறா."

"ஆயிடும் சார். சாமான் வந்திடுச்சி. பையன் மூணு மூணு வாட்டி அளந்துட்டான்" என்றார் பாய்.

"எங்க, காட்டு பார்ப்போம்."

சார் கண்ணாடியை மாற்றிக்கொண்டு தண்டை வாங்கித் திருப்பினார். முன் முனையை வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மலர்ந்தது.

"பேஷ்! இது யார் வண்டிலேர்ந்து வந்தது?"

"ஒரு டாக்டரு சார்" என்றான் கபாலி.

"நம்மவாதான் போலிருக்கு. நாமம் போட்டிருக்கார் பாரு. எழுபத்தொம்பதுல எஞ்சினைப் பிரிச்சப்போ, நல்லபடியா ஓடணும்னு நானும் என்னோட தண்டுல இதே எடத்துல கீறினேன். என்ன ஆச்சரியம்! எனக்கு உளி வழுக்கின மாதிரியே அந்த டாக்டருக்கும் நடுக்கோடு வழுக்கிண்டு கோணலாப் போயிருக்கு."

டீ சொல்லிவிட்டு வருவதாகக் கபாலி கிளம்பினான். பாய் அறிவைப் பார்த்தார். அறிவு குறிப்பேட்டைத் திறந்து, 'சிறு' என்ற சொல்லை இரண்டாவது தடவையாக அடித்துவிட்டு, கீழே எழுதினான்:

'நாளைய வேலை: டக் டக் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.'